இரண்டாவது முட்டை

வியாழக்கிழமையன்று டானோக்ரோம் ஊரில் எவரும் கோகோத் தோட்டத்துக்குள் கால் வைப்பதில்லை. அன்று மண் தாய் பிறந்த நாள், அவளுக்கு ஓய்வு. மான்சா எல்லைக் கல்லைத் தாண்டி வலது காலை உள்ளே வைத்தாள். உள்ளங்கால் கூசியது. ரப்பர் பூட்ஸுக்குள் இருக்கும் கால் எப்படிக் கூசும் என்று தன்னையே திட்டிக்கொண்டு இடது காலையும் எடுத்து வைத்தாள்.

"போச்சு," என்றான் பெடியாக்கோ, ஆட்டோவில் உட்கார்ந்தபடியே. "ஒரு செம்மறி ஆடு தண்டம். நம்மகிட்ட இருக்கிறது ஒரு பூனை. அதுவும் பக்கத்து வீட்டுது."

"நீ வண்டியிலயே இரு."

"இருக்கத்தான் போறேன். ரெண்டு பேர் போனா ரெண்டு ஆடு." சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டான். முதலில் தொப்பை வந்தது, பிறகு அவன் வந்தான். "உங்களைப் பாம்பு கடிச்சுட்டா நான் யாருக்கு மேடம் வண்டி ஓட்டுறது?"

மான்சா போலீஸ் வேலையை உதறி ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து தனியாகத் துப்பறிகிறாள், பெடியாக்கோவின் ஆட்டோதான் அவளுடைய அலுவலகம். அவன் வாய்தான் அதன் ஹாரன்.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கிழமை விடிந்ததும், ஓபோங் என்ற கள்ளிறக்கும் பெரியவர் இந்தத் தோட்டத்தில் விரியன் கடித்து இறந்தார். தோட்டம் செர்வா என்ற விதவையுடையது. உடையது என்று அவள் சொல்கிறாள். இறந்துபோன அவள் கணவனின் குடும்பம் இல்லை என்கிறது. இந்த மண்ணில் சொத்து பெண்டாட்டிக்குப் போகாது, பிள்ளைக்கும் போகாது. சகோதரி மகனுக்குத்தான் போகும். கணவன் உயிரோடு இருக்கும்போதே மனைவிக்கு ஒரு துண்டு நிலம் கொடுக்கலாம். ஆனால் அதை வாங்கிக்கொண்டவள் சாட்சிகளின் முன்னால் நன்றிச் சாராயம் வைத்திருக்க வேண்டும். வைக்காவிட்டால் கொடுத்தது கொடுத்ததே அல்ல.

செர்வா வைத்தாள். பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மூன்று வருஷத்துக்கு முன்பு மூப்பில் போனார். மற்றவர் ஓபோங்.

நாளை நண்பகலில் குடும்பத் தலைவர் தீர்ப்புச் சொல்லப் போகிறார். சாட்சி இல்லை. கூலிக்கு வரவும் ஆள் இல்லை. பாம்பு குடியேறிய தோட்டம், சபிக்கப்பட்ட தோட்டம் என்று ஊர் ஒதுங்கிவிட்டது. காய்கள் மரத்திலேயே கறுத்துக்கொண்டிருந்தன.

"நான் போகமாட்டேன்," என்று செர்வா, உதவி கேட்டு வந்த அன்று, மான்சாவின் வீட்டு வாசலில் நின்று சொன்னாள். அழவில்லை. கையில் கோகோ பிசின் காய்ந்து கறுத்திருந்தது. "இருபத்திரண்டு வருஷம் இந்த மரங்களுக்குக் கீழே குனிஞ்சிருக்கேன். ஒரு தடவைகூட அந்தப் பாம்பைப் பார்த்ததில்லை. அது ஆத்துக்கு அந்தப் பக்கம், அரசாங்கக் காட்டுல இருக்கிற ஜென்மம். என் சாட்சியைக் கடிக்கிறதுக்குன்னு ஆத்தைத் தாண்டி வந்துச்சா?"

மான்சா அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வேலையை எடுத்துக்கொண்டதாக ஊரில் சொல்லிக்கொண்டாள். உண்மை அது மட்டுமல்ல. அவள் கணவன் இறந்த நாற்பதாம் நாளில் அவனுடைய வீட்டார் வந்து கட்டிலையும் தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போது அவள் சார்ஜென்ட் சீருடையில் வாசலில் நின்றாள். தொப்பி கூடத் தலையில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. சீருடைக்குள் நின்ற அந்தப் பெண்ணை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கவா? எத்தனையோ கிழமை இருக்கு. இன்னைக்கே ஏன்?"

"போன வாரம் புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் செர்வாவும் ரெண்டு பொம்பளைங்களும் காய்க்குவியல் பக்கத்துல உக்காந்து காய் உடைச்சிருக்காங்க. பாம்பு இல்லை. வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் ஓபோங், கள்ளிறக்கப் போற வழக்கமான வழியில, அதே இடத்துல கால் வைக்கிறார். பாம்பு இருக்கு. நடுவுல என்ன கிழமை?"

"வியாழன்."

"அந்த விரியன் நடக்கிற ஜாதி இல்லை. ஒரு இடத்துல படுத்தா நாள்கணக்குல படுத்திருக்கும். இரை வாய்கிட்ட வரணும்."

"என் மச்சான் மாதிரி."

"யாரோ தூக்கிட்டு வந்து வச்சிருக்காங்க. ஒரு கண்ணும் இங்கே இருக்காத நாளாப் பார்த்து. அதனால அவன் வந்த வழியை நானும் அதே நாள்ல பார்க்கணும்."

காபூன் விரியன் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். ஓபோங்கைக் கடித்ததை ஊர்க்காரர்கள் அன்றே அடித்து, சாலையோரக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். மான்சா போய்ப் பார்த்தாள். ஆளின் தொடையளவு தடிமன். உடம்பெல்லாம் பழுப்பும் சாம்பலும் ஊதாவும் கலந்த கட்டங்கள். தலையைப் பார்த்தால் உதிர்ந்த இலையேதான், நடுநரம்புக் கோடு உட்பட. மூக்கின் மேல் இரண்டு சிறு கொம்புகள். செத்துத் தொங்கும்போது பளிச்சென்று இருந்த அது, சருகின் மேல் கிடந்தால் கண்ணுக்கு அகப்படாது என்று கிழவர்கள் சொன்னார்கள்.

சாலைப் பக்கமாக எவனும் பாம்புச் சாக்கைத் தூக்கி வந்திருக்கமாட்டான். மான்சா தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கத்து ஒற்றையடிப் பாதைக்கு வந்தாள். பாதை தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெரிய இலவமரம் பலகை பலகையாக வேர் விட்டு நின்றது. இரண்டு வேர்களுக்கு நடுவில் பாதியாக அறுத்த ஒரு சுரைக்குடுக்கை கவிழ்த்து வைத்திருந்தது. மேலே தழை போட்டு மறைத்திருந்தது.

கம்பால் தட்டிவிட்டாள். அடியில் இரண்டு முட்டைகள்.

பெடியாக்கோ பின்னால் குதித்தான். "பாம்பு முட்டை!"

"அந்தப் பாம்பு குட்டி போடும். இது கோழி முட்டை."

"அப்படின்னா பொரிச்சு மக்காச்சோளக் கென்கேயோட சாப்பிடலாம்."

"தொடாதே. இது படையல்." மான்சா குந்தி உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. "வியாழக்கிழமை மண்ணை மிதிச்சவன் மண் தாயைச் சமாதானப்படுத்த முட்டை வைப்பான். இவனும் வச்சிருக்கான் பாரு. கொலை செஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்கல. மிதிச்சதுக்குக் கேட்டிருக்கான்."

"மரியாதை தெரிஞ்ச கொலைகாரன்." பெடியாக்கோ தலையைச் சொறிந்தான். "ஆனா மேடம், நாம சந்தேகப்பட்டது அப்பியாவை. அவன் முட்டை வைக்கிற ஆளா? ஞாயித்துக்கிழமையானா ஜெபசபையில மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, 'மண்ணுக்கு ஏது பொறந்த நாள், மண்ணுக்கு எதுக்கு லீவு'ன்னு கத்துறவன். ஊருக்கே தெரியும்."

அப்பியா, செர்வாவின் இறந்த கணவனுக்கு அக்காள் மகன். தோட்டம் கைமாறினால் அவனுக்குத்தான் வரும். பெடியாக்கோ சொன்னது சரிதான். முட்டை அவனைக் காப்பாற்றியது.

மான்சா சற்று முன் எல்லைக் கல்லருகே கூசிய தன் காலை நினைத்துக்கொண்டாள். இருபது வருஷமாக இதையெல்லாம் நம்பவில்லை என்று வாதாடுகிறவள் அவள். வாய் ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கிறது, கால் வேறொரு பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. கூட்டத்தில் வாய் பேசும். ஆள் தனியாக இருக்கும்போது கால்தான் பேசும். குடுக்கையைக் கவிழ்த்துத் தழையால் மூடியது எதற்காக? ஊர் நம்பிக்கையுள்ள ஒருவன் முட்டையை எல்லோரும் பார்க்கத்தானே வைப்பான். மூடி வைத்தவன் வெட்கப்படுகிறவன். முட்டை வைத்தது தெரிந்தால் மானம் போகும் என்று நினைக்கிறவன்.

முட்டை அவனைக் காப்பாற்றவில்லை. மூடி அவனைக் காட்டிக்கொடுத்தது.

"ஆனா ரெண்டு ஏன்?" என்றாள் உரக்க.

"பெரிய பாவத்துக்கு ரெண்டு."

"ஒரு தடவைக்கு ஒண்ணுதான் வைப்பாங்க. வண்டியில தண்ணிப் பாக்கெட் இருக்கா?"

பெடியாக்கோ சட்டைப்பையிலிருந்தே ஒன்றை எடுத்தான். மான்சா பாக்கெட்டின் முனையைக் கடித்துக் கிழித்துக் குடுக்கையில் தண்ணீரை ஊற்றினாள். முதல் முட்டையைப் போட்டாள். அது கூர்முனை கீழே இருக்க எழும்பி நின்று, மெல்ல மேலே வந்து மிதந்தது.

"பழசு. இந்த வெயில்ல ஒரு வாரம் ஆகியிருக்கும். போன வியாழன்."

இரண்டாவதைப் போட்டாள். அது கல்லைப் போல அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

"மேடம்," பெடியாக்கோவின் குரலில் முதல்முறையாகக் கேலி இல்லை. "இது புதுசு."

"நேத்து போட்டது, இல்லைன்னா இன்னைக்கு. விடியக்காலையில வந்திருக்கான்." மான்சா எழுந்தாள். "நேத்து சந்தையில செர்வா என்ன சொன்னா? ஏழு பொம்பளைங்க வெள்ளிக்கிழமை காலைல கூட்டு வேலைக்கு வர்றாங்க, காய் உடைக்கப் போறோம், யார் தடுக்கிறாங்கன்னு பார்க்கிறேன்னு சொன்னா. எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொன்னா."

"அப்படின்னா உள்ளே..."

"இன்னொண்ணு இருக்கு."

பெடியாக்கோ மெதுவாக ஒரு காலைத் தூக்கினான். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி நின்றான்.

*

காய் பறிக்கும் நீளத் தொரட்டி ஒன்று மரத்தில் சாய்ந்திருந்தது. மான்சா அதை எடுத்து ஒவ்வோர் அடிக்கும் முன்னால் தரையைத் தட்டிக்கொண்டு நடந்தாள். காய்க்குவியல் வரை எதுவும் இல்லை. மஞ்சளும் சிவப்புமாகக் காய்கள் இடுப்பளவு குவிந்து கிடந்தன. சாலையிலிருந்து வந்தால் குவியலுக்கு இடப்பக்கம் அகலமான உலர்ந்த தரை. அங்கே உட்கார ஒரு மரக்கட்டை. வலப்பக்கம் சேறும் முள்ளுமாக ஒரு ஓடை. நாளை ஏழு பெண்களும் குவியலைச் சுற்றித்தான் உட்காருவார்கள். வைப்பதானால் இங்கேதான் வைத்திருப்பான்.

பத்தடி தள்ளி, குவியலின் பின்பக்கம் நின்று பார்த்தாள். சருகு. பழுப்புச் சருகு, சாம்பல் சருகு, சுருண்டது, விரிந்தது. ஒவ்வொன்றும் பாம்பாகத் தெரிந்தது. எதுவும் பாம்பாக இல்லை. கண் நீர் கட்டும்வரை பார்த்தாள். அங்கேதான் எங்கேயோ அதுவும் கண்ணிமைக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"தெரியுதா மேடம்?" பத்தடி பின்னால் மரத்தைக் கட்டிக்கொண்டிருந்த பெடியாக்கோ கேட்டான்.

"தெரியல."

அப்போதுதான் சாலைப் பக்கம் குரல் கேட்டது.

"பார்த்தீங்களா நானா! நான் சொல்லல? ஆட்டோ வெளியே நிக்குது, ஆளுங்க உள்ளே! செர்வா கூட்டிட்டு வந்த ஆளுங்க வியாழக்கிழமை மண்ணை மிதிச்சிருக்காங்க. இவளுக்கா இந்தத் தோட்டம்?"

அப்பியாதான். மடிப்புக் கலையாத கால்சட்டை, கண்ணாடியாக மின்னும் ஷூ. பக்கத்தில், ஊரே மரியாதையாக 'நானா' என்று அழைக்கும் குடும்பத் தலைவர் தூமா, தோளில் துணியைச் சுற்றிக்கொண்டு ஊன்றுகோலோடு நின்றார். அவர்களுக்குப் பின்னால் செர்வா ஓட்டமும் நடையுமாக வந்து, எல்லைக் கல்லுக்கு வெளியே நின்றாள்.

"வெளியே வா பொண்ணு," என்றார் தூமா. குரலில் கோபத்தைவிடச் சலிப்பு அதிகம். "நீ இந்த ஊர்ல பொறந்தவ. தெரியாம செஞ்சேன்னு சொல்ல முடியாது."

மான்சா சாகசம் செய்கிற ஆள் அல்ல. ஆனால் வாசலில் வாய்மூடி நின்ற அந்தச் சார்ஜென்ட் இன்று வரவில்லை, வேறு யாரோ வந்திருந்தாள்.

"தெரிஞ்சுதான் செஞ்சேன் நானா. ஆடு தர்றேன். ஆனா என் காலால வெளியே வரமாட்டேன். அப்பியா வந்து இழுத்துட்டுப் போகட்டும்."

"நான் வரணுமா?" அப்பியா சிரித்தான்.

"நீதான். உனக்குத்தான் வியாழக்கிழமையே கிடையாதே. ஞாயித்துக்கிழமை மைக்குல சொல்றதை நேரா சொல்லிப் பழகு. இல்ல, மைக் இல்லாட்டி பயமா இருக்கா?"

பெடியாக்கோ மரத்துக்குப் பின்னாலிருந்து, "விடுங்க மேடம், பாவம், பேட்டரி போட்டாத்தான் வேலை செய்வாரு," என்றான்.

தூமா அப்பியாவைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தபிறகு பின்வாங்க வழியில்லை. அப்பியா எல்லைக் கல்லைத் தாண்டினான்.

சாலையிலிருந்து குவியல் வரை நேர்பாதை. அவன் விறைப்பாக நடந்து வந்தான். மான்சா தொரட்டியை இறுகப் பிடித்தாள். அவளுடைய கணக்குத் தவறாக இருந்தால், இவன் குற்றமற்றவனாக இருந்தால், கட்டைப் பக்கமாகத்தான் நேரே வருவான். அப்படி வந்தால் குவியலுக்கு நாலடி முன்பே கத்தி நிறுத்திவிட வேண்டும்.

கத்தத் தேவைப்படவில்லை. குவியலுக்குப் பத்தடி முன்பே அப்பியா வலப்பக்கம் ஒதுங்கினான். உலர்ந்த அகலத் தரையை விட்டுவிட்டு ஓடைச் சேற்றில் இறங்கினான். மின்னும் ஷூ சளக்கென்று புதைந்தது. முள் கால்சட்டையைக் கிழித்தது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவன் கண் முழுக்க இடப்பக்கத்தில், மரக்கட்டையின் நிழலில் இருந்தது.

"ஏன்டா சேத்துல இறங்குறே?" தூமா கேட்டார்.

"இது... இது குறுக்கு வழி நானா."

"முழங்கால் சேத்துலயா?"

மான்சா புன்னகைத்தாள். "ஷூ பாழாயிடுச்சே அப்பியா. அந்தக் கட்டையில உக்காந்து துடைச்சுக்கோ."

"வேணாம்."

"உக்காரேன். நாளைக்குச் செர்வா உக்காரப்போற இடம்தானே."

"வேணாம்னு சொல்றேன்ல!"

தூமா எல்லைக் கல்லருகே வந்து நின்றார். அவருடைய முகத்தில் சலிப்பு போய்விட்டது. "அப்பியா. உக்காருடா."

அவன் அசையவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது.

மான்சா தொரட்டியை முழு நீளத்துக்கும் நீட்டிக் கட்டையின் ஓரமாகச் சருகைத் தொட்டாள். ஒன்றுமில்லை. ஒரு முழம் தள்ளித் தொட்டாள். ஒன்றுமில்லை. மூன்றாம் முறை தொட்டபோது தரை மூச்சு விட்டது. லாரி டயரில் ஆணி ஏறினாற்போல நீளமான, கனமான சீறல். சருகுகளில் பாதி சருகாகவே இருக்க, பாதி மெல்லப் புடைத்து எழுந்தது. ஓர் உதிர்ந்த இலை தலையாகித் திரும்பியது.

பெடியாக்கோ மரத்தில் இரண்டடி ஏறியிருந்தான். அந்தத் தொப்பையோடு எப்படி ஏறினான் என்பது அவனுக்கே தெரியாது.

"நான் பார்த்தேன்!" அப்பியா கத்தினான். "வரும்போதே பாம்பைப் பார்த்தேன் நானா, அதான் சுத்தி வந்தேன்!"

"பார்த்தியா?" தூமா கண்ணைச் சுருக்கினார். "அறுபது வருஷமா கோகோவுக்கு நடுவுல இருக்கேன். இப்போ அது சீறுன பிறகும் எனக்கு அதோட வால் எங்கே இருக்குன்னு தெரியல. நீ பத்தடி தூரத்துல, நடந்துட்டே, நிழல்ல படுத்திருந்ததைப் பார்த்தே?"

"ஆமா..."

"பார்த்துட்டு, பக்கத்துல ஒரு பொம்பளை நிக்கிறாளேன்னு ஒரு வார்த்தை சொல்லல?"

பாம்பு எவ்வளவு நன்றாக ஒளிந்திருந்ததோ அவ்வளவு தெளிவாக அவன் தெரிந்தான்.

பெடியாக்கோ இறங்கி, தூரமாகவே சுற்றிக்கொண்டு போய், குடுக்கையை முட்டைகளோடு எல்லைக் கல்லின் மேல் வைத்தான். "ஒண்ணு மிதக்குது, ஒண்ணு முங்குது நானா. போன வியாழனுக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. இலவமரத்தடியில மூடி வச்சிருந்தாரு. நியாயஸ்தர், பாக்கி வைக்கல."

தூமா குனிந்து முட்டைகளைப் பார்த்தார். "மண்ணுக்கு முட்டை வச்சே," என்றார். "ஓபோங்குக்கு என்னடா வச்சே?"

அப்பியாவின் முகம் உடைந்தது. சேற்றில் நின்றபடியே பேசினான். "பன்னிரண்டு வயசுல இங்கே வந்தேன் நானா. இந்தக் கன்னுக்கெல்லாம் நான்தான் தண்ணி சுமந்தேன். உனக்குத்தான்டா, உனக்குத்தான்டான்னு மாமா சொல்லிச் சொல்லி வேலை வாங்கினாரு. அப்புறம் பாதியைத் தூக்கி இவளுக்குக் கொடுத்துட்டாரு. இவ யாரு? நம்ம ரத்தமா?"

மான்சாவுக்கு அவன்மேல் ஒரு கணம் இரக்கம் வந்தது. பன்னிரண்டு வயதுப் பையனின்மேல் வந்த இரக்கம் அது. அதை அந்தப் பையனோடு நிறுத்திக்கொண்டாள்.

"கொடுத்தாரா?"

கேட்டது செர்வா. எல்லைக் கல்லுக்கு வெளியேதான் நின்றாள், ஆனால் குரல் தோட்டத்தின் அந்தக் கோடி வரை போயிற்று.

"இத்தனை நாளா கொடுக்கவே இல்லைன்னுதானே சொன்னே? நான் சாராயம் வைக்கல, ஓபோங் பார்க்கல, எல்லாம் என் கதைன்னு. ஓபோங் எதையும் பார்க்காதவருன்னா அவரை எதுக்குடா கொன்னே? சும்மா ஒரு கள்ளிறக்குற கிழவரைக் கொல்லவா ஆத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பாம்பைச் சுமந்துட்டு வந்தே?"

சாட்சியைக் கொன்றவனே சாட்சியாகிவிட்டது அப்பியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

தூமா ஊன்றுகோலை மண்ணில் ஒருமுறை குத்தினார். "தீர்ப்புக்கு நாளைக்கு நண்பகல் வரைக்கும் எதுக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பெடியாக்கோவிடம், "போலீசுக்குப் போன் பண்ணு. அதுவரைக்கும் இவன் அந்தச் சேத்துலயே நிக்கட்டும்," என்றார்.

பெடியாக்கோ போனைக் காதில் வைத்துக்கொண்டே, மரத்தில் செருகியிருந்த காய் வெட்டும் கத்தியை உருவினான். "அதுக்குள்ள இதை ஒரு போடு போட்டுடறேன் நானா. ரெண்டாவது ஒண்ணு தொங்கட்டும் கம்பத்துல."

"நில்லு." தூமா கையை உயர்த்தினார். அவர் பெடியாக்கோவைப் பார்க்கவில்லை, மான்சாவையும் பார்க்கவில்லை. "என்னை எதுக்குக் கேக்குறே? தோட்டக்காரியைக் கேளு."

சொல்லிவிட்டுச் செர்வாவின் பக்கம் திரும்பி, வழிவிடுவதுபோல ஓரடி ஒதுங்கினார்.

செர்வாவின் கண் நிறைந்தது. நிறைந்ததை விழ விடவில்லை. குவியலைப் பார்த்தாள், மரங்களைப் பார்த்தாள், மறுபடி சருகாகிக்கொண்டிருந்த அந்த இடத்தைப் பார்த்தாள்.

"கத்தியை வை தம்பி," என்றாள். "வியாழக்கிழமை என் தோட்டத்துல யாரும் கத்தி ஓங்கக் கூடாது. அது படுத்த இடத்துலயே கிடக்கட்டும், நான் இங்கே உக்காந்து பார்த்துக்கிறேன். விடிஞ்சதும் ஆளைக் கூப்பிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடச் சொல்றேன்." பிறகு மான்சாவைப் பார்த்தாள். "நீங்களும் வெளியே வாங்கக்கா. ஆடு பாக்கி இருக்கு."